சீசன் என்கிற பூனைக்கு வரன் பார்த்தது

மே 14, புதன்

விடியும்போதே தூறல். மலையடிவாரம் நல்லதண்ணியில் என் தேத்தண்ணிக் கடை பிரிப்பு. வெசாக் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் முடிந்தது. சனம் இல்லை, பாட்டு இல்லை. போன வாரம் வரை கால் வைக்க இடமில்லாத பாதையில் நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

கொண்டுவர வேண்டியவை: கூரைத் தகரம், பெரிய கேத்தல், வடைச் சட்டி, பெஞ்சு, சரசுவின் அம்மிக்குழவி. (குழவியை மறந்தால் வீட்டுக்குள் விடமாட்டாள். அவள் பொஞ்சாதியா பொலிஸா என்று சில நேரம் சந்தேகம்.)

தரைப்பலகையைப் பிரித்தபோது அடியில் ஒரு பழைய எண்ணெய் டின். டின்னுக்குள் இரண்டு கண். முதலில் மரநாய் என்று நினைத்தேன். மரநாய் என்றால் ஒரு கதை இருக்கிறது, பக்கத்துக் கடை வாழைக்குலையும் ஒரு பிக்குவின் குடையும் சம்பந்தப்பட்டது. அது பிறகு. இது பூனை. பால் மறந்து கொஞ்ச மாதம் ஆன இளசு. யாத்திரைக்காரர் போட்ட வடைத்துண்டிலேயே வளர்ந்திருக்கிறது. இனி யார் போடுவார்?

பக்கத்துக் கடைச் சிங்கள நோனா மூட்டை கட்டிக்கொண்டே, "அய்யே, மே பூஸ் பெட்டியா கெனியன்ன" என்றாள். குட்டியை நான் கொண்டுபோக வேண்டுமாம், எனக்கு 'பின்', அதாவது புண்ணியம், கிடைக்குமாம். புண்ணியம் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறினாள்.

எங்கள் ஊர் நோர்வூட் வரை சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு சத்தம் இல்லை. பஸ் கண்டக்டர் என் வயிற்றைப் பார்த்து, "என்னாங்க பெரியவரே, சீசன்ல நல்ல சாப்பாடோ?" என்றான். ஆமாம் தம்பி என்றேன்.

சரசு வாசலிலேயே நிறுத்தினாள்.

"கொழவி எங்க?"

"இந்தா."

"சட்டைக்குள்ள என்னா?"

காட்டினேன். சேலை முந்தானை உடனே மூக்குக்குப் போயிற்று. அவளுக்கு இழுப்பு. பூனை முடியே ஆகாது என்று கிளினிக்கில் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. டின்னுக்குள் கை விட்ட நேரத்தில் மட்டும் தெரியவில்லை.

"எனக்கு மூச்சு வேணுமா வேணாமா?"

"வேணும் சரசு."

"அப்ப அதுக்கு ஒரு வீடு பாருங்க. அதுவரைக்கும் வெறகுக் கொட்டாயில கெடக்கட்டும். காம்பராக்குள்ள கால வச்சா ஒங்களையும் சேத்து வெளிய போட்டுருவேன்."

சரி என்றேன். குழவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சிரட்டை, அதில் சோறும் மீன் ஆணமும். மூக்கை மூடிக்கொண்டே காலால் என் பக்கம் தள்ளினாள்.

மே 16, வெள்ளி

மழை, வெயில், மறுபடி மழை. சாக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் கொட்டுவதை நிறுத்து முடித்ததும் சாக்குகளை லொறியில் ஏற்றுவது. சீசன் இல்லாத மாதங்களில் எனக்கு இதுதான் பிழைப்பு. தோள் இன்னும் நிற்கிறது, சாமி புண்ணியம்.

பூனைக்குப் பேர் வைத்தாயிற்று. சீசன். வைத்தது சரசு, தெரியாமல். "ஒங்க சீசன் கத்துது, போயிப் பாருங்க" என்றாள் விடியக்காலை. அதுவே நின்றுவிட்டது.

இப்போது கொஞ்சம் உள்ளதைச் சொல்லி வைக்க வேண்டும். இந்தத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் பூனை நிறைய வந்து போயிருக்கிறது. இப்படி ஒன்று வந்ததில்லை. முகத்தில் பாதி கறுப்பு, பாதி செம்பட்டை, நடுவில் யாரோ கோடு போட்டுப் பிரித்தது போல. கழுத்தடி வெள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளை மேஸ் (காலுறை) போட்ட மாதிரி மூன்று காலில் வெள்ளை. நாலாவது மேஸைத் தொலைத்துவிட்டாள்.

அறிவு அதைவிட. நேற்று ஒரே ஒரு முறை வாசப்படி தாண்டப் பார்த்தாள். சரசு, "ஏய்!" என்றாள். அவ்வளவுதான். இன்று முழுக்க முன்னங்கால் இரண்டையும் படியின் மேல் வைத்து, உடம்பை வெளியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு விரல் உள்ளே போகவில்லை. என் இரண்டு பயல்களுக்கும் ஒரு சொல்லில் ஏதாவது விளங்கியிருக்கிறதா? கொழும்பில் கடை வேலை செய்கிறார்கள் இருவரும், இன்னும் செருப்போடு வீட்டுக்குள் வருகிறார்கள்.

பக்கத்துக் காம்பரா பாக்கியத்திடம் சொன்னேன். "மாமா, கலெக்டராக்கிருவீங்க போலயே" என்றாள். பொறாமை.

மே 17, சனி

எலி! விறகுக் கொட்டாயில் பிடித்தது. தின்னவில்லை. கொண்டுவந்து சரசுவின் செருப்புக்குப் பக்கத்தில் நேராகப் படுக்க வைத்திருந்தாள், தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் ஒழுங்காக. சரசு போட்ட சத்தத்தில் மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்த எல்லோருக்கும் எலியைக் காட்டினேன். வராதவர்களுக்குப் போய்க் காட்டினேன்.

இரவு சரசு கேட்டாள். "அது ஏன் என் செருப்புக்கிட்ட வச்சிச்சி? ஒங்க செருப்பும் அங்கதான கெடந்திச்சி?"

திரும்பிப் படுத்துக்கொண்டேன். சிலதை அவளாக யோசிக்கட்டும்.

மே 18, ஞாயிறு

வரன் ஒன்று. நோர்வூட் டவுனில் பலசரக்குக் கடை முதலாளி. அரிசி மூட்டையில் எலித் தொல்லை, பூனை வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். போனேன். பூனையைக் கொண்டுபோகவில்லை. வீட்டைப் பார்க்காமல் பெண்ணைக் காட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பின்பக்கம் ஸ்டோர் ரூமில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கட்டித்தான்யா வைக்கணும். இல்லாட்டி ஓடிரும்."

"சாப்பாடு?"

"சாப்பாடு போட்டா எலி புடிக்குமா? பசி இருந்தாத்தான் வேல நடக்கும்."

தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணெய் தேவையும் இல்லை. சும்மா வெளியே வரக் கூச்சமாக இருந்தது.

சரசுவிடம் சொன்னேன். "பட்டினி போட்டு வேல வாங்குறதா? அவரு மூஞ்சில..." என்று ஆரம்பித்தாள். இருமல் வந்துவிட்டது. முடிக்கவில்லை, ஆனால் விளங்கியது.

மே 20, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

மாலையில் இரண்டாவது வரன். புது வீட்டுத் திட்டத்தில் தனி வீடு கிடைத்த புருசன் பொஞ்சாதி. நடந்து வந்திருந்தார்கள். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. பாக்கியம் சும்மா இருப்பாளா? "பொண்ணுக்கு பொட்டு வைக்கலயா மாமா? தேத்தண்ணி தட்டத்த அதுகிட்டயே குடுத்தனுப்புங்க" என்றாள். நான் காலையிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தேன். அது பாக்கியத்துக்குத் தெரியாது.

சீசன் நடந்து வந்தாள். அவசரம் இல்லை. வந்த பெண்ணின் மடியைப் பார்த்தாள், ஏறினாள், சுருண்டாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். முடிந்தது, நிச்சயம் ஆயிற்று என்று நினைத்தேன்.

புருசன்காரன் வாலைத் தூக்கிப் பார்த்தான். "பொட்டையா?"

"மூணு நெறம்னாலே பொட்டதானுங்களே" என்றேன்.

"பொட்ட வேணாங்க. குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். பொறவு யாரு சாக்குல கட்டி ஆத்துல விடுறது? கடுவன் ஏதாச்சும் இருந்தா சொல்லியனுப்புங்க."

அந்தப் பெண் சீசனை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், அதைச் சொல்ல வேண்டும்.

காம்பராவுக்குள் இருந்து சரசுவின் குரல்: "எங்க வீட்டுக்கு வந்து எங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டு எங்க பொண்ணக் கொற சொல்றாங்களா? கிளாஸ வாங்கி வைங்க நீங்க!"

பாதி குடித்த கிளாசை வாங்கி வைத்தேன். அந்த மனிதன் வாய் திறந்தபடி இருந்தான்.

எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை. இரண்டும் பையன். பெண்ணைப் பெற்றவன் வாசலில் எப்படி நிற்பான் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. கொஞ்சம் கோணலாக நிற்பான். ஆனால் நின்றுவிட்டேன்.

மே 23, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. விறகு ஈரம், அடுப்பில் புகை. சரசுவுக்கு இழுப்பு கூடிவிட்டது. வாயில் வைக்கிற மூச்சுப் பம்பு அடித்தும் அடங்கவில்லை. உட்கார்ந்தபடியே இருக்கிறாள். மழையா, புகையா, பூனையா, யாருக்குத் தெரியும்? ஆனால் மழையை நான் எங்கேயும் கொண்டுபோய் விட முடியாது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம். திட்டினால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

பாக்கியம் மல்லித் தண்ணி கொண்டுவந்தாள். பகடி பேசவில்லை. போகும்போது, "மாமா, அத்தையப் பாருங்க மொதல்ல" என்று மட்டும்.

நாளை அரைநாள் வேலை. முடிந்ததும் டவுனுக்கு. கடைக்காரருக்கே கொடுத்துவிடுவது. வேறு ஆள் இல்லை. கயிற்றைக் கொஞ்சம் நீளமாகக் கட்டச் சொல்ல வேண்டும்.

மே 24, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

பூனையைக் கொடுக்கும்போது கண் தெரியாமல் சாக்கில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் வழி பார்த்து வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். கொழுந்துச் சாக்கு ஒன்று எடுத்தேன், காற்றுப் போகிற சாக்கு. அடியில் மானாப்புல், மேலே நான் இடுப்பில் கட்டிப் பழசான சாரம். சீசன் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே போனாள். சாக்கின் வாயைத் தளர்வாகக் கட்டினேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து எடுத்துப்போனால் மனசு மாறிவிடும். அதனால் மடுவத்துக்கே கொண்டுபோய் ஒரு ஓரமாக வைத்தேன்.

லொறி வந்தது. டிரைவர் சுனில் நல்ல மனிதன், தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவான், கதை கேட்க ஆசைப்படுவான். அந்த மரநாய்க் கதையை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கதை சொல்லும்போது என் வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கை அது பாட்டுக்கு சாக்கைத் தூக்கும், தோளில் போடும், மேலே கொடுக்கும். இத்தனை வருசப் பழக்கம், கைக்கு நான் தேவையில்லை. பிக்கு குடையை விரித்த இடத்தில் சுனில் விழுந்து விழுந்து சிரித்தான், லொறியை எடுத்தான், போனான்.

ஓரத்தைப் பார்த்தேன். சாக்கு இல்லை.

நானே ஏற்றியிருக்கிறேன். என் கையாலே. மெதுவாகத்தான் வைத்திருக்கும் கை, அதை நம்புகிறேன்.

ரோட்டால் போனால் லொறியைப் பிடிக்க முடியாது. குறுக்குப்பாதை. தேயிலைக்குள் விழுந்து எழும்பி, காலெல்லாம் அட்டை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "என்னாங்கண்ணே, சிறுத்த வெரட்டுதா?" என்று கத்தினார்கள். பூனை வெரட்டுது என்று சொல்ல மூச்சு இல்லை.

தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாக்கெல்லாம் மேல்மாடிக்குப் போய்விட்டது. அங்கேதான் பச்சைக் கொழுந்தைத் தட்டில் பரப்பி, அடியில் காற்று விட்டு வாட்டுவார்கள். மழை நாளில் சூடான காற்று. ஏறினேன். பெண்கள் எல்லாம் ஒரு தட்டைச் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

மற்றச் சாக்குகளோடு அவள் சாக்கையும் கொட்டியிருக்கிறார்கள். கொழுந்துக்கு நடுவே சீசன். மல்லாந்து. நாலு காலும் மேலே. அடியிலிருந்து வெந்நீர் ஒத்தடம் போலக் காற்று. சாரத்தில் ஒரு கால். தோட்டத்துத் துரைகூட இப்படி ஒரு தூக்கம் தூங்கியிருக்க மாட்டார்.

அதற்குள் படியில் சப்பாத்துச் சத்தம். ஸ்டோருக்குப் பெரியவர், டீமேக்கர். ஸ்டோரில் பூனை முடி ஒன்று பட்டாலும் எல்லோருக்கும் வேலை போகும். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்குள் ரீட்டா குனிந்தாள், சீசனை அள்ளித் தன் இடுப்புப் படங்குத் துணிக்குள் சுற்றி வயிற்றோடு கட்டினாள். ரீட்டா கீழ்ப்பிரிவு லயத்துப் பெண். நாற்பது இருக்கும். தனியாக இருக்கிறவள்.

டீமேக்கர் என்னைப் பார்த்து, "நீ என்னா இங்க?" என்றார். வாய் திறந்தேன். அதற்குள் படங்குக்குள் இருந்து, "மியா."

ரீட்டா உடனே இருமினாள்.

அவர் ரீட்டாவைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த இருமல் ஸ்டோருக்கு ஆகாது. இப்பயே வெளிய கொண்டு போ. அது கெடந்த கொழுந்தையும் சேத்து." திரும்பி இறங்கிப் போனார். படியில் தோள் குலுங்கியது, சிரிப்புதான்.

ரீட்டா அந்தத் தட்டுக் கொழுந்து முழுவதையும் அள்ளி வெளியே கொட்டினாள். தட்டைத் தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"எங்கண்ணே கொண்டு போறீங்க இவள?"

டவுன் கடை என்றேன். ரீட்டா சீசனின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தாங்களேன்."

அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். சரசு மூச்சுக்கு அலைகிற நேரம். ஆனால் பெண்ணைப் பெற்றவனாக ஒருமுறை வாசலில் நின்றவன் இல்லையா நான்.

"வீட்டுக்கு வந்து கேளு புள்ள. மொறையா" என்றேன். சீசனைச் சாரத்தில் சுற்றித் திரும்பவும் விறகுக் கொட்டாய்க்கே கொண்டுவந்தேன்.

மே 25, ஞாயிறு

மழை விட்டது. சரசு இரவு படுத்துத் தூங்கினாள். கடவுளே.

மாதா கோயில் பூசை முடிந்து அதே சேலையோடே ரீட்டா வந்தாள். கையில் தட்டம். வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் ஒரு பார்சல் நெத்தலிக் கருவாடு. பாக்கியம், "ஐயோ மாமா, நெசமாவே தட்டு வந்துருச்சே!" என்று வாசலில் உட்கார்ந்தே போனாள்.

சரசு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம். சம்பந்தி மாதிரி நாற்காலியில்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தான்க்கா."

"புருசன்?"

"பட்டிப்பொலயில இருந்தாரு. இன்னும் அங்கதான் இருப்பாரு."

சரசு மூக்குத் துணியை இறுக்கினாள். பிறகு, "இவ பொட்ட. தெரியுமில்ல?"

"நானும் பொட்டதானேக்கா. டவுனுக்கு மிருக டொக்டர் வர்ற நாள்ல கொண்டு போயி ஆப்பரேசன் பண்ணிருவேன். ஆத்துக்கெல்லாம் போகாது ஒண்ணும்."

சரசு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் தட்டத்தை வாங்கினேன். சாக்கை எடுத்தேன்.

"சாக்கு வேணாண்ணே" என்றாள் ரீட்டா.

"வழி பாத்து வச்சிக்கும் புள்ள. திரும்பி வந்துரும்."

"வரட்டும். என்னையக் கல்யாணம் கட்டி வேன்ல ராத்திரியில பட்டிப்பொலைக்குக் கூட்டிப் போனாங்க. ஒரே பனி. எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியாது. பொறவு திரும்பி வரணும்னு ஆனப்ப கோச்சிப் பாதையப் புடிச்சே நடந்தேன். எனக்குத் தண்டவாளம் இருந்துச்சி. இவளுக்கு என்னா இருக்கு? கண்ணு தெரிஞ்சே வரட்டும்ணே. புடிச்சா இருப்பா. புடிக்காட்டி அவளுக்கு அம்மா வீட்டு வழி தெரியணும்."

சரசு நாற்காலியை விட்டு எழுந்தாள். என் கைச் சாக்கைக் காட்டிச் சொன்னாள். "சாக்க மடிச்சி வைங்க. நீங்களும் கூடப் போயி வழி காட்டிட்டு வாங்க."

போனோம். ரீட்டாவின் தோளில் சீசன், பின்னால் நான். லயமெல்லாம் வாசலில். ஒருவன் வாயால் மேளம் அடித்தான். அடிக்கட்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்: இது பீலித் தண்ணி விழுகிற இடம், இது முனியாண்டி கல், கல்லுக்கு இடது பக்கம் திரும்பணும், இது பாலம், பாலத்துக்கிட்ட ஒரு கறுப்பு நாய், குலைக்கும், கடிக்காது. சீசன் ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒரு இடத்தில்கூடக் கண்ணை மூடவில்லை.

ரீட்டாவின் காம்பரா சின்னது. சுத்தம். படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றாள் சீசன். ரீட்டா, "ஏன் நிக்கிற? உள்ள வா" என்றாள்.

சீசன் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மே 27, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. விறகுக் கொட்டாயில் மறுபடி எலி.

மே 29, வியாழன்

நல்ல வெயில். உடம்பு அலுப்பு, வேலைக்குப் போகவில்லை. வாங்க வேண்டியது: பருப்பு, சவுக்காரம், சரசு பம்பு.

மதியம் சோறு தின்றுகொண்டிருந்தேன். சரசு, "ஏங்க" என்றாள். ஒரு மாதிரியான குரல்.

வாசப்படியில் இரண்டு முன்னங்கால். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. உடம்பு வெளியில். தனியாக வந்திருக்கிறாள், பகலில், அந்தக் கறுப்பு நாயைத் தாண்டி. கழுத்தில் ரீட்டா ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள். வயிறு நிறைந்த வயிறு. பசிக்கு வந்தவள் இல்லை.

சரசு துணியை மூக்கில் கட்டினாள். தட்டில் வந்த நெத்தலியில் மிச்சம் வைத்திருந்திருக்கிறாள், எனக்குப் பொரித்துத் தராமல். சிரட்டையில் போட்டுத் தானே கொண்டுபோய் வைத்தாள். இந்த முறை காலால் தள்ளவில்லை. குனிந்து வைத்தாள்.

சீசன் தின்றாள். முகம் கழுவினாள். சரசுவின் செருப்பை மோந்து பார்த்தாள். வெயில் சாயும்வரை படுத்திருந்தாள். ஸ்டோர் சங்கு ஊதியது, ரீட்டா வேலை விட்டு வரும் நேரம். எழுந்து உடம்பை முறித்தாள், வாலைத் தூக்கினாள், நடந்தாள். பீலியைத் தாண்டி, முனியாண்டி கல்லுக்கு இடது பக்கம்.

திரும்பிப் பார்க்கவில்லை.

சரசு படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரியாத்தான் திரும்புறா" என்றாள்.

"யாரு காட்டுன வழி?" என்றேன்.